கை இருக்கிற இடத்தில் பிரேக்

போன வருஷம் ஆனிக் கடைசி. காலை எட்டே கால் மணிக்குக் கோயமுத்தூரில் ஒண்டிப்புதூரைத் தாண்டித் திருச்சி ரோட்டில் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். அன்றைக்குக் காற்று அடங்கியிருந்தது. ரேஸ் சைக்கிளில் இருப்பது போலக் கீழே வளைந்த ஹேண்டில்பாரின் மேல் குழாயில், நடுவில் அதைப் பிடித்திருக்கும் ஸ்டெம்முக்கு இரண்டு பக்கமும் கை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். இடது பக்கச் சந்திலிருந்து சோளத்தட்டு ஏற்றிய மொபெட் ஒன்று ரோட்டுக்கு ஏறியது. கட்டு அகலம். ஓட்டி வந்தவருக்கு வலப்பக்கம் நான் வருவது தெரிய வழியே இல்லை.

என் இரண்டு கைகளும் இறுகின. பிடித்தது வெறும் குழாயை.

லீவர் இருந்தது. ஆனால் அது முன்னால், வளைவின் மேல், லீவரைத் தாங்கும் ரப்பர் மேட்டுக்குக் கீழே இருந்தது. பன்னிரண்டு வருஷம் நேர் ஹேண்டில்பார் சைக்கிள் ஓட்டிப் பழகிய கை எனக்கு. பயம் வந்த நொடியில் அது லீவரைத் தேடிப் போகவில்லை, இருந்த இடத்திலேயே மூடிக்கொண்டது. அடுத்தது சோளத்தட்டு, அதற்கடுத்தது தார். இடது மணிக்கட்டு சுளுக்கி மூன்று வாரம் கட்டுப் போட்டிருந்தேன். மொபெட்காரர் நல்ல மனிதர். என்னைத் தூக்கி உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, சைக்கிளையும் ஓரம் கட்டினார். பிறகு கேட்டார்: "ஏனுங் தம்பி, வண்டிக்குப் பிரேக் இல்லீங்களா?"

அந்தக் கேள்விதான் மூன்று வாரமும் மண்டைக்குள் ஓடியது. பிரேக் இருந்தது, நல்ல பிரேக். கட்டை புதுசு, வயர் புதுசு. கை இருந்த இடத்தில் மட்டும் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 22 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 6 மீட்டருக்குச் சற்று மேல். மேல் குழாயிலிருந்து கையை எடுத்து ரப்பர் மேட்டுக்குக் கொண்டுபோய் விரலை லீவரில் போட அரை நொடி என்று வையுங்கள். பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே 3 மீட்டர் ஓடியிருக்கும். ஒரு ஆட்டோவின் நீளத்துக்கும் மேல். திருச்சி ரோட்டில் ஒரு ஆட்டோ நீளம் என்பது எவ்வளவு பெரிய இடம் என்று அந்த ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

"பேசாம நேர் ஹேண்டில்பாரை மாட்டிக்கோ" என்று மச்சான் சொன்னான். நியாயமான யோசனைதான். நான் ஏன் கேட்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தக் கட்டுரையின் வேரே அங்கேதான் இருக்கிறது.

எனக்கு வீடு சூலூர், வேலை கோயமுத்தூர் ராமநாதபுரத்தில். காலையில் மேற்கே போக வேண்டும், பொழுது சாய்ந்தால் கிழக்கே. வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி வரைக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வரும். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல் அது. அரபிக்கடல் பக்கமிருந்து வரும் தென்மேற்குக் காற்று மலையில் முட்டி, வேறு வழியில்லாமல் அந்த வாசலில் நெருக்கிக்கொண்டு புகுந்து, கோயமுத்தூர், பல்லடம், உடுமலை என்று விரிகிறது. பல்லடத்துக்குத் தெற்கே காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பது அதனால்தான். அம்மி பறக்கும் என்று ஊர் சொல்லும் ஆடிக்காற்றில், காலை எட்டு மணிக்கு, நேர் ஹேண்டில்பாரில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மேற்கே மிதித்துப் பார்த்தால்தான் தெரியும். நான் பன்னிரண்டு ஆடி அப்படி மிதித்தவன். கீழே வளைந்த பாரைப் பிடித்து முதுகைத் தாழ்த்திய முதல் ஆடியில், அலுவலகத்தில் கால் நடுங்காமல் மாடிப்படி ஏறினேன். அந்த ஹேண்டில்பாரை நான் விடுவதாக இல்லை.

ஆனால் அந்த வளைவு காற்றுக்கு. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்ட் வந்தபிறகு காற்று பிரச்சினை இல்லை, மனுஷர்களும் பஸ்ஸும்தான். அங்கே தலை நிமிர வேண்டும், நாலு பக்கமும் பார்க்க வேண்டும். கை தானாக மேல் குழாய்க்கு வந்துவிடும். ஆக ஒரே பயணத்தில் ஒரே ஹேண்டில்பாரில் எனக்கு இரண்டு இடம் வேண்டியிருக்கிறது. பிரேக் ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

அப்புச்சியின் சைக்கிள் ஞாபகம் வந்தது. 28 இஞ்ச் வீல், கம்பி பிரேக். கைப்பிடிக்கு அடியிலேயே அதே நீளத்துக்கு லீவர் ஓடும். அந்த ஹேண்டில்பாரில் கை வைக்க ஒரே இடம்தான், அந்த இடத்துக்குக் கீழே பிரேக். மழை நாளில் அந்த இரும்பு ரிம் சுலபத்தில் நிற்காது, அது வேறு சங்கதி. ஆனால் கைக்கும் பிரேக்குக்கும் நடுவில் அவருக்குத் தூரமே இருக்கவில்லை.

மணிக்கட்டுக் கட்டோடு எங்கள் ஊர் சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் எழுபதைத் தொட்டவர். என் சைக்கிளை முதன்முதலில் பார்த்தபோதே, "என்ன தம்பி, செம்மறிக் கெடாக் கொம்பாட்ட இருக்குது?" என்று கேட்டவர். நடந்ததைச் சொன்னேன். அவர் உள்ளே போய், மேலே கட்டித் தொங்கவிட்டிருந்த பழைய ரேஸ் சைக்கிளை இறக்கினார். அவருடைய இளவயது வண்டி. அதில் நான் கேட்டது இருந்தது: வழக்கமான லீவரின் பக்கவாட்டு ஆணியிலிருந்து கிளம்பி, வளைந்து, மேல் குழாய்க்கு அடியில் வந்து நிற்கும் ஒட்டு லீவர்.

1970-களில் அமெரிக்காவில் சைக்கிள் விற்பனை பொங்கி வழிந்தபோது, வளைந்த ஹேண்டில்பாருக்குப் புதிதாக வந்த ஜனங்களுக்காக இது லட்சக்கணக்கில் மாட்டப்பட்டது. விற்றவர்கள் வைத்த பெயர் சேஃப்டி லீவர். ஓட்டியவர்களில் பலர் அதைத் தற்கொலை லீவர் என்றார்கள். ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பதைத் தெருவில் ஓட்டிப் பார்த்ததும் புரிந்துகொண்டேன். ஒட்டு லீவர் தானாக வயரை இழுப்பதில்லை. அது பெரிய லீவரை உள்ளிருந்து தள்ளுகிறது. தள்ளும்போது தானும் வளைகிறது. அதற்கும் குழாய்க்கும் நடுவில் இருக்கும் சந்து கொஞ்சம்தான். கட்டை சற்றுத் தேய்ந்திருந்தாலும் பிரேக் முழுதாகப் பிடிக்கும் முன்பே லீவர் குழாயில் முட்டிவிடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் குழாயைத்தான் அழுத்துகிறோம். வண்டி மெதுவாகிறது, நிற்கவில்லை. அதோடு, ஒட்டைத் தாங்கும் ஆணி பக்கவாட்டில் துருத்திக்கொண்டு நிற்பதால் ரப்பர் மேட்டின் மேல் கை வைக்கவும் சுகமில்லை. கை வைக்க நல்லதொரு இடத்தைக் கெடுத்துவிட்டு, மட்டமான பிரேக் ஒன்றை அது கொடுக்கிறது.

பெரியவரிடம் சொன்னேன். "ஆமாங் தம்பி, நானும் அதைப் புடிச்சதே கெடையாது. வண்டியோட வந்துச்சு, கழட்டல" என்றார்.

பழைய ரேஸ் சைக்கிள் ஒன்று உங்கள் வீட்டில் கிடந்து அதில் இந்த ஒட்டு இருந்தால், கழற்றிவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

நான் கடைசியில் மாட்டியது வேறு சாதி. இன்டரப்டர் லீவர் என்றும் கிராஸ்டாப் லீவர் என்றும் சொல்கிறார்கள். டெக்ட்ரோ கம்பெனியின் ஆர்.எல். 720 வகைதான் சுலபமாகக் கண்ணில் படும். சேற்றிலும் புல்லிலும் ஓடும் சைக்கிள்கிராஸ் பந்தயக்காரர்கள் மேல் குழாயைப் பிடித்தபடியே பிரேக் போட இதை மாட்டிப் பிரபலமாக்கினார்கள். அவர்களுக்குச் சேறு, நமக்குச் சிங்காநல்லூர்.

இது வேலை செய்யும் விதம் எனக்கு நெம்பப் பிடித்தது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பிரேக் வயர் என்பது இரண்டு பொருள். உள்ளே முறுக்கிய எஃகு இன்னர், அதைச் சுற்றி அவுட்டர். இன்னரை இழுத்தால் பிரேக் பிடிக்கும், எல்லோருக்கும் தெரியும். ஆனால் பாவாடை நாடாவை நினைத்துப் பாருங்கள். நாடாவை இழுத்தாலும் இடுப்புத் துணி சுருங்கும். நாடாவை அசையாமல் பிடித்துக்கொண்டு துணியைத் தள்ளினாலும் அதே சுருக்கம் விழும். இன்டரப்டர் லீவர் செய்வது இரண்டாவது வேலை. ஹேண்டில்பாரில் ஓடும் அவுட்டரை நடுவில் வெட்டி, வெட்டிய இடத்தில் இந்த லீவரை வைக்கிறோம். இன்னர் வெட்டுப்படாமல் லீவரின் ஊடே போகிறது. லீவரைப் பிடித்தால் அது அவுட்டரின் இரண்டு துண்டுகளையும் ஒன்றைவிட்டு ஒன்று விலக்கித் தள்ளுகிறது. இன்னரின் ஒரு முனை பெரிய லீவரில் மாட்டியிருக்கிறது, அது அசையாது. ஆகவே மறுமுனை இழுபட்டாக வேண்டும். கட்டை ரிம்மைக் கவ்வுகிறது.

இதனால், பெரிய லீவரைப் பிடிக்கும்போது மேல் லீவர் அசைவதில்லை, மேல் லீவரைப் பிடிக்கும்போது பெரிய லீவர் அசைவதில்லை. ஒட்டு லீவரைப் போல ஒன்றின் தோளில் மற்றொன்று ஏறவில்லை. வலப்பக்க மேல் லீவர் எப்போதும் வலப்பக்கப் பெரிய லீவரின் பிரேக்கையே பிடிக்கும், வயர் ஒன்றுதான் என்பதால். நம் ஊர்ப் பழக்கப்படி வலக்கை முன் பிரேக் என்றால் மேலேயும் கீழேயும் வலக்கைதான் முன் பிரேக். பயத்தில் குழம்ப இடமில்லை.

இதிலேயே ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. இரண்டாவது லீவர் வந்துவிட்டதால் இரண்டாவது பிரேக் வந்துவிட்டதாக யாரும் நினைக்கக் கூடாது. இன்னர் அறுந்தால் மேலேயும் போச்சு, கீழேயும் போச்சு. லீவர் நாலு, பிரேக் இரண்டேதான்.

வாங்கும் முன் உங்கள் சைக்கிளில் மூன்று சங்கதியைப் பார்க்க வேண்டும். முதலாவது, பெரிய லீவரின் வயர் எங்கே போகிறது. ஹேண்டில்பாரில் சுற்றியிருக்கும் டேப்புக்கு அடியில் அதை ஒட்டி ஓட வேண்டும். ரப்பர் மேட்டின் தலையிலிருந்து மேலே கிளம்பி வளைந்து போகும் பழைய மாதிரியில் இந்த மேல் லீவருக்கு இடமே இல்லை, பெரிய லீவரையே மாற்ற வேண்டிவரும்.

இரண்டாவது, எந்த வகைப் பிரேக். ரேஸ் சைக்கிளின் கேலிப்பர், கேன்டிலீவர், ரோடு லீவருக்கென்று செய்த வயர் டிஸ்க், இவையெல்லாம் கொஞ்ச வயர் இழுத்தால் போதும். சாதாரண மேல் லீவர் அதற்குத்தான். ரிம்மின் இரண்டு பக்கமும் நீளக் கை நிற்கும் வி-பிரேக் அப்படியில்லை, நிறைய இழுக்க வேண்டும். அதற்கு டெக்ட்ரோவின் ஆர்.எல். 520 போன்ற நீள இழுப்புப் பெரிய லீவர் வேண்டும், மேல் லீவரும் அதற்கேற்ப இருக்க வேண்டும். திருப்பூரில் ஒரு நண்பர் இதைப் பார்க்காமல் வி-பிரேக்குக்குச் சாதாரண மேல் லீவர் மாட்டினார். லீவர் குழாயில் முட்டியது, கட்டை ரிம்மைத் தடவியது. அன்றைக்கே கழற்றச் சொன்னேன். எண்ணெய் டிஸ்க் என்றால் வயரே கிடையாது, இந்த வித்தை செல்லாது. ஷிமானோ கம்பெனி 2019-இல் ஜி.ஆர்.எக்ஸ். என்ற வரிசையில் எண்ணெய் பிரேக்குக்கென்றே தனியாக ஒரு மேல் லீவர் விட்டது. அது ஷிமானோவின் எண்ணெய் பிரேக்குக்கானது.

மூன்றாவது, குழாயின் பருமன். இங்கேதான் எனக்கு நேரம் ஓடியது. வளைந்த ஹேண்டில்பார் எங்கும் ஒரே பருமனில் இருக்காது. டேப் சுற்றும் பாகம் பெரும்பாலும் 23.8 மில்லிமீட்டர். ஸ்டெம் பிடிக்கும் நடுப்பாகம் 25.4, 26, அல்லது இப்போதைய வண்டிகளில் 31.8. மேல் லீவரின் கிளாம்பு இந்தத் தடித்த நடுப்பாகத்தில்தான் வழக்கமாக உட்காரும். எண்ணை நம்பி ஆர்டர் போடாதீர்கள், லீவர் உட்காரப் போகும் இடத்தில், பருமன் அளக்கும் வெர்னியரை வைத்துப் பாருங்கள். என்னிடம் வந்த கிளாம்பு 26, என் குழாய் 25.4. இறுக்கினால் நின்றது, பலமாகத் திருகினால் சுற்றியது. சுற்றுகிற பிரேக் லீவர் இல்லாத லீவரைவிட மோசம்.

மச்சானுக்குக் கோயமுத்தூர் கணபதிப் பகுதியில் லேத்துப் பட்டறை. பம்பு செட்டுக்கு ஷாஃப்ட் கடைகிற இடம். நேர் ஹேண்டில்பார் யோசனையை நான் தட்டியதில் அவனுக்கு வருத்தம் இருந்திருக்கலாம். ஆனால் வெர்னியரைக் கையில் எடுத்ததும் அதெல்லாம் காணாமல் போயிற்று. "பாயிண்ட் ஆறு வித்தியாசம். சுத்தி ஒரு பக்கத்துக்குப் பாயிண்ட் மூணு" என்றவன், டிராயரைத் திறந்து, சந்தை அடைக்க வைக்கும் மெல்லிய பித்தளைத் தகடான ஷிம் ஷீட்டை எடுத்தான். 0.3 மில்லிமீட்டர். கிளாம்பின் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, ஓரத்தை அரத்தில் மழித்து, குழாயைச் சுற்றி வைத்தான். கிளாம்பு கப்பென்று உட்கார்ந்தது. "மாப்ளே, இப்பத் தொங்கிப் பாரு" என்றான். லீவரைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. பட்டறை பக்கத்தில் இல்லாதவர்கள் குளிர்பானத் தகர டப்பாவை வெட்டிச் சுற்றலாம். அந்தத் தகடு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், மூன்று சுற்று வரும். நான் பித்தளையைத்தான் சொல்வேன்.

மாட்டும் வேலையில் உயிரே அவுட்டரை வெட்டுவதில் இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு ஒரு வெட்டுப் புதிதாக வருகிறது, வெட்டிய இரண்டு முனைகளும் சப்பையாக, நேராக இருக்க வேண்டும். பிரேக் அவுட்டர் சுருள் கம்பியால் ஆனது. கட்டிங் பிளேயரில் நறுக்கினால் கம்பி முனை உள்ளே மடங்கி இன்னரை உரசும். நறுக்கியபின் முனையைக் கிரைண்டரிலோ அரத்திலோ சமன் செய்து, குத்தூசியால் வாயைத் திறந்துவிட்டு, முனையை மூடும் தொப்பி மாட்ட வேண்டும். இந்த ஒரு மணி நேரத்தைச் சோம்பினால் மேல் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கும், பழி லீவர் மேல் விழும். கியர் அவுட்டரை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. அதன் கம்பிகள் நீளவாக்கில் ஓடுகின்றன, பிரேக்கின் அழுத்தத்துக்குப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிடும். இன்னரும் அப்படியே: பிரேக்குக்கு 1.5 அல்லது 1.6 மில்லிமீட்டர், கியருக்கு 1.2. புது இன்னர், புது அவுட்டர், புது டேப் மூன்றையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். லீவரின் விலையை மட்டும் பார்த்து இறங்கினால் நடுவில் நிற்க வேண்டிவரும்.

லீவரை ஸ்டெம்மை ஒட்டித் தள்ளாதீர்கள். கை இயல்பாக உட்காரும் இடத்தில் இரண்டு விரல் லீவர் மேல் விழ வேண்டும், மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும். நான் உட்கார்ந்து, கண்ணை மூடி, கையை வைத்து, வைத்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். போன் ஸ்டாண்ட், விளக்கு, மணி எல்லாம் அதற்குப் பிறகு கிடைக்கிற இடத்தில் போகட்டும்.

மேல் லீவர் எல்லாவற்றுக்கும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேல் குழாயில் கைகள் நெருங்கி இருக்கும். திருப்பும் பிடி குறைவு, பலமாகப் பிரேக் போட்டால் முன் சக்கரம் துள்ளுவதைத் தாங்கும் பலமும் குறைவு. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் ரோட்டில் 40 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே இறங்கும்போது கை கீழ் வளைவில், விரல் பெரிய லீவரில். ஒரு முறை பழக்க தோஷத்தில் மேலே கை வைத்து இரண்டு வளைவு இறங்கினேன். மூன்றாவதில் எதிரே பஸ் வந்தபோது ஹேண்டில்பார் என் கையில் நடுங்கியது. நகரத்தில் மெதுவாகப் போகையில், கண் நாலு பக்கமும் அலைகையில், மேல் லீவர். இறக்கத்திலும் வேகத்திலும் பெரிய லீவர்.

நான் எதிர்பார்க்காத ஒரு நன்மை மகளால் தெரிந்தது. ஒன்பதாவது படிக்கிறாள். என் சைக்கிளைத் தெருவில் ஓட்டிப் பார்த்தாள். ரப்பர் மேட்டிலிருந்து பெரிய லீவர் அவள் விரலுக்கு எட்டவே இல்லை. மேல் லீவர் குழாயை ஒட்டியே இருப்பதால் உடனே பிடித்துவிட்டாள். சின்னக் கைக்காரர்களுக்கு வளைந்த ஹேண்டில்பார் ஏன் பயமாக இருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவளுக்கென்று வண்டி வாங்கும்போது கைக்கு எட்டும் பெரிய லீவராகத்தான் பார்ப்பேன், அதில் மாற்றமில்லை. அதுவரைக்கும் தெருமுனை வரை மேல் லீவரில் ஓட்டட்டும்.

மாட்டி ஒரு வருஷம் ஆகிறது. இந்த ஆடியிலும் காலையில் கீழ் வளைவைப் பிடித்து மேற்கே மிதித்தேன், சிங்காநல்லூரில் மேலே வந்தேன். ஒண்டிப்புதூரில் அதே சந்துக்கு எதிரே ஒரு நாள் நாய் ஒன்று குறுக்கே ஓடியது. கை இறுகியது, வண்டி நின்றது. நாய் போய்விட்டது. நான் சித்த நேரம் அங்கேயே ஒற்றைக் காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தேன்.

ஐப்பசி மழைக்கு முன்னால் வருஷத்துக்கொரு தரம் இன்னரை மாற்றுவது வழக்கம். போன ஞாயிற்றுக்கிழமை டேப்பைப் பிரித்தேன். வலப்பக்க மேல் லீவருக்குள் போகும் இடத்தில் இன்னரின் ஒரு இழை அறுந்திருந்தது. தொப்பி சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது, என் அரம் வேலை சரியில்லை. அவுட்டரைப் புதிதாக வெட்டி, இந்தத் தடவை கணபதிக்கே எடுத்துக்கொண்டு போய் மச்சானின் கிரைண்டரில் முனையைச் சமன் செய்தேன். பித்தளைப் பட்டையையும் கழற்றிப் பார்த்தோம். கொஞ்சம் கறுத்திருந்தது, மற்றபடி குழாயின் வளைவை அப்படியே வாங்கி வைத்திருந்தது. துடைத்து அதையே திரும்ப மாட்டினான்.